கத்தி ஜட்ஜ்

ஐம்பதைத் தாண்டிய ஒருவரின் இடது முன்கையில் மட்டும் திட்டுத் திட்டாக முடி இல்லையென்றால், தோல் டாக்டரைப் பார்க்கச் சொல்லி அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். அவர் கத்திகளை மதிப்பிடுகிறவர். கூரியரில் புதுக் கத்தி வந்ததும் முதல் சோதனை சொந்தக் கையில்தான். முடி சத்தமில்லாமல் வழிந்து வந்தால் பத்துக்கு ஏழு. பிய்த்துக்கொண்டு வந்தால் ஐந்து. வரவே இல்லையென்றால் மார்க் கிடையாது. செய்தவரைப் பற்றி அரை மணி நேரச் சொற்பொழிவு உண்டு. இடது கை தீர்ந்துபோனால் முழங்காலுக்குக் கீழே இறங்குவார். அந்த மாதங்களில் வீட்டிலும் முழு பேண்ட்தான்.

புனேயில் எங்கள் லோஹேகாவ் பக்கம் இந்த இனத்தின் நல்ல மாதிரி ஒருவர் இருக்கிறார். குடியிருப்பில் எல்லாருக்கும் அவர் ‘ஜட்ஜ் சார்’. கோர்ட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. இங்குள்ள விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, சிவகங்கைப் பக்கம் திரும்பிப் போகாமல், இங்கேயே பிளாட் வாங்கி உட்கார்ந்துவிட்டவர். விமானத்தின் உடம்பில் எந்த ரிவெட் தளர்ந்திருக்கிறது, எங்கே முடி கனத்துக்கு விரிசல் விட்டிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்ப்பதே உத்தியோகம். ஓய்வு பெற்றது அவர்தான். அவர் கண் இன்னும் டூட்டியில் இருக்கிறது. கல்யாண ஆல்பத்தை நீட்டினால் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்க மாட்டார், பைண்டிங்கைப் பிரித்துப் பார்ப்பார். இப்படிப்பட்டவருக்குக் கத்தியைத் தவிர வேறு என்ன பொழுதுபோக்கு அமையும்?

அதுவும் சாதாரணக் கத்தி இல்லை. காட்டுக்குள் ஒரே ஒரு கத்தியை வைத்துக்கொண்டு விறகு பிளந்து, தீ மூட்டி, குடில் கட்டிப் பிழைக்கிற வித்தைக்கு புஷ்கிராஃப்ட் என்று பெயர். அதற்கென்று பட்டறையில் ஒவ்வொன்றாகக் கையால் அடித்த கத்திகள். இந்த வித்தையின் பெரிய வாத்தியார் கனடாவின் மார்ஸ் கோச்சான்ஸ்கி. 2019-இல் காலமானார். கத்தியின் அலகு உள்ளங்கை அகலத்துக்கு நீளம் இருந்தால் போதும் என்பது அவர் சொன்ன அளவு, அதாவது ஏறக்குறைய 4 அங்குலம். ஜட்ஜ் சார் இதை வேதம்போல் சொல்வார். அதே கோச்சான்ஸ்கி சுவீடனில் மெஷினில் செய்து மலிவாக விற்கும் மோரா கத்தியே போதும் என்று பரிந்துரைத்தவர் என்பதை மட்டும் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொல்வார்.

கத்தி வந்த அன்று நடக்கும் சடங்கைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். டைனிங் டேபிளில் பழைய போர்வை விரிக்கப்படும். முதலில் ஆள்காட்டி விரல்மேல் கத்தியைப் படுக்கவைத்து நடுநிலை பார்ப்பார். அப்புறம் கூரைத் தன் மூக்குக்கு நேரே வைத்து ஒரு கண்ணை மூடி, ட்யூப்லைட் வெளிச்சம் அதன்மேல் எங்காவது பளிச்சிடுகிறதா என்று தேடுவார். சரியான கூர் வெளிச்சத்தைத் திருப்பியடிக்காது. மழுங்கின இடம்தான் வெள்ளைப் புள்ளியாக மின்னும். இது உண்மையான சோதனை, நீங்களும் வீட்டில் பார்க்கலாம். அடுத்து, அலகை நகத்தால் சுண்டிக் காதருகே கொண்டுபோவார். பதம் போட்ட இரும்பு நீளமாகப் பாட வேண்டுமாம். இந்தக் கட்டத்தில்தான் லோஹேகாவ் குறுக்கே வரும். நம் விமானப்படையில் சுகோய்-30 முதன்முதலாக 1997-இல் வந்திறங்கிய தளம் இது. இன்றும் அது கிளம்பினால் ஜன்னல் கண்ணாடி நடுங்கும், பேசிக்கொண்டிருப்பவர் வாய் திறந்தபடி நிற்பார். ஜட்ஜ் சார் ஒரு கையை உயர்த்தி எங்கள் எல்லாரையும் அமைதிப்படுத்துவார், பேசாத எங்களை. சத்தம் ஓய்ந்ததும் மறுபடி சுண்டுவார். இரண்டாவது சுகோய் கிளம்பும். ஜோடியாகத்தான் போகும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

பிறகு தீர்ப்பு. ‘பிடி நல்லாயிருக்கு, ஆனா ரிவெட்டைச் சுத்திக் கொஞ்சம் பசை தெரியுது.’ ‘முதுகு 90 டிகிரி இல்லே, உருண்டிருக்கு, தீ மூட்டுற ஃபெர்ரோ ராடுல பொறி பறக்காது.’ ‘ஹெச்.ஆர்.சி. 60-ன்னு போட்டிருக்கான், எனக்கு 57-க்கு மேலே தோணலே.’ ஹெச்.ஆர்.சி. என்பது ராக்வெல் கடினத்தன்மை. வைர முனையைப் பாரத்தோடு அழுத்தி எவ்வளவு ஆழம் பதிகிறது என்று மெஷின் சொல்கிற கணக்கு. ஜட்ஜ் சாருக்கு அது ‘தோன்றும்’.

தோன்றுவதில் ஒன்றும் தப்பில்லை, ஏனென்றால் விஷயம் தெரிந்த மனிதர். கடினம் கூடினால் கூர் நாள்படும், ஆனால் கணுவுள்ள கட்டையில் பட்டதும் பல்லுப் பல்லாகத் தெறிக்கும். கடினம் குறைந்தால் உடையாது, மடங்கும். இரண்டுக்கும் நடுவில் கத்தியை நிறுத்துவது கொல்லன் கைவண்ணம். காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, மறுபடி வைக்கோல் நிறம் ஏறும்வரை மட்டும் இளஞ்சூட்டில் வாட்டி எடுக்க வேண்டும். இதைச் சோதிக்க ஜட்ஜ் சார் ஒரு பித்தளைக் கம்பி வைத்திருக்கிறார். கூரை அதன்மேல் சாய்த்து அழுத்தினால் கூர் லேசாக வளைந்து தெரியும். எடுத்ததும் பழையபடி நிமிர வேண்டும். வளைந்தே நின்றால் இளசு, தெறித்தால் முற்றல். வெண்டைக்காய்க்கும் இதே கணக்குதான் என்பார் அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா.

போன தீபாவளிக்கு முன் இரண்டு கத்திகளுக்கு நடுவே பெரிய வழக்கு நடந்தது. முதலாவது ஸ்கேண்டி தீட்டல்: கனமான அலகில் இரண்டு பக்கமும் ஒரே சரிவு, நேரே கூரில் முடியும். தீட்டுவது சுலபம், சரிவை அப்படியே கல்லில் படுக்கவைத்து இழுத்தால் போதும். இரண்டாவது முதுகிலிருந்தே மெல்ல மெல்ல இளைத்துக்கொண்டு வருவது. மரம் சீவுவதில் ஸ்கேண்டி ஜெயித்தது. காய்ந்த குச்சியின் நுனியில் இறகுபோல் சுருள் சுருளாகச் சீவி விட்டார், ஒன்றுகூட உதிராமல். நிஜமாகவே அழகு. அப்புறம் சமையலறை மேல்முறையீடு. கேரட்டைக் கொடுத்ததும் ஸ்கேண்டி பாதி இறங்கி, மீதியை ஆப்பு வைத்ததுபோல் ‘டக்’கென்று பிளந்தது. ஒரு பாதி பிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது.

“ஏங்க, இது நறுக்கலே, உடைக்குது.”

“காட்டுலே யாரு சாம்பார் வைக்கப் போறா?”

“காட்டுக்கு யாரு போகப் போறா?”

வழக்கு தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது.

மொட்டைமாடிச் சோதனைகள் தனிக் கதை. கத்தியை விறகின் தலையில் வைத்து இன்னொரு கட்டையால் அதன் முதுகில் அடித்துப் பிளப்பார்கள், இதற்குப் பேட்டனிங் என்று பெயர். விறகுக்காகக் காட்டில் கை வைத்தால் வனத்துறை பிடிக்கும் என்பதால் மரவாடியில் எடை போட்டுக் காசு கொடுத்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவார். அமெரிக்காவில் 1976-இல் தொடங்கிய கத்திக் கொல்லர்கள் சங்கம் ஒன்று இருக்கிறது. அதில் தேற வேண்டுமானால் தான் அடித்த கத்தியால் தொங்கும் 1 அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும், கட்டையை வெட்டித் துண்டாக்க வேண்டும், அதற்கப்புறமும் அதே கத்தி முடி மழிக்க வேண்டும். கடைசியாக அலகை 90 டிகிரி வளைத்தாலும் உடையக் கூடாது. ஜட்ஜ் சார் கயிறுவரை வந்தார். மாடியில் தொங்கிக்கொண்டிருந்த கயிறு குல்கர்னி வீட்டுக் கொடிக்கயிறு என்பது அறுந்த பிறகுதான் தெரிந்தது. ஒரே வீச்சு என்பதில் அவருக்கு இன்னும் பெருமை உண்டு. செகரெட்டரி விளக்கம் கேட்டு நோட்டீஸ் ஒட்டினார். காகிதத்தின் ஓரம் கோணலாக இருந்ததை ஜட்ஜ் சார் கத்தியால் நேர்செய்துவிட்டு வந்தார்.

சட்டத்துக்கு மட்டும் பயப்படுவார். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி ஆயுதக் கணக்கில் வரும் என்கிறது நம் ஆயுத விதி. வீட்டு வேலை, விவசாயம், விஞ்ஞானம், தொழில் இவற்றுக்காகச் செய்தது என்றால் விலக்கு. ஆகவே அவர் அலமாரியில் இருக்கும் பெரிய கத்திகள் எல்லாம் விவசாயக் கருவிகள். விவசாயம் பால்கனியில்: ஒரு துளசி, ஒரு கற்றாழை. புனேயில் கொய்தா என்கிற கரும்பு வெட்டும் அரிவாளைத் தூக்கிக்கொண்டு பையன்கள் தெருவில் அட்டகாசம் செய்ய, 2023 தொடக்கத்தில் கொய்தா வாங்க வருகிறவரிடம் ஆதார் பார்க்கச் சொல்லிக் கடைக்காரர்களுக்குப் போலீஸ் உத்தரவு வந்தது. அன்றிலிருந்து ஜட்ஜ் சார் ஆதார் நகலைக் கத்தி உறைகளோடு வைத்திருக்கிறார். கொய்தாவை அவர் ஒருமுறைகூடச் சோதித்ததில்லை. மகாராஷ்டிரத்தில் கரும்பு வெட்டப் போகும் புருஷன் பெண்டாட்டி ஜோடியையே ‘ஒரு கொய்தா’ என்று கணக்கெழுதி முன்பணம் கொடுப்பார்கள். சீசன் முழுக்க அந்தக் கத்திதான் அவர்களுக்குச் சோறு. அதற்குத் தோல் உறை இல்லை, பிடியில் மைக்கார்ட்டா இல்லை, செய்தவர் கையெழுத்து இல்லை. எதை வைத்து மார்க் போடுவது?

ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு சாலையோரம் வண்டி நிறுத்தியிருந்த காடியா லோஹார் குடும்பத்திடம் போனார். ராஜஸ்தானிலிருந்து ஊர் ஊராகப் போகும் இரும்புக் கொல்லர்கள். 1568-இல் சித்தோட்கர் வீழ்ந்தபோது, கோட்டையை மீட்கும்வரை ஓரிடத்தில் தங்குவதில்லை என்று இவர்கள் முன்னோர் சபதம் எடுத்ததாகச் சொல்வார்கள். கணவன் இடுக்கியால் பிடிக்க, சம்மட்டி அடிப்பது பெண். ஜட்ஜ் சார் குனிந்து, ஸ்டீல் எது என்று ஹிந்தியில் கேட்டார். லாரிப் பட்டை என்றாள் அந்த அம்மா, அடியை நிறுத்தாமல். ஹெச்.ஆர்.சி. எவ்வளவு? அவள் ஒரு அரத்தை எடுத்து, ஆறிக் கிடந்த கத்தியின் கூரில் ஒரு இழு இழுத்தாள். அரம் கடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. அவ்வளவுதான் பதில், போதுமான பதிலும்கூட. பிறகு அவள் ஒன்று கேட்டாள்: “சப்ஜிக்கா, லக்டிக்கா?” காய்க்கா, கட்டைக்கா?

ஜட்ஜ் சார் என்னைப் பார்த்தார். முதுகு, பிடி, உறை, சரிவு, நிறம் எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் உண்டு. இந்தக் கேள்வியை இதுவரை எந்தக் கொல்லரும் அவரிடம் கேட்டதில்லைபோலிருக்கிறது. அவராகக் கேட்டுக்கொண்டதும் இல்லை.

“தேக்னே கே லியே,” என்றார் கடைசியில். பார்க்கிறதுக்கு.

அவள் சிரிக்கவில்லை. பார்க்கிற கத்திக்கு ஐம்பது ரூபாய் கூட என்றாள். கொடுத்துவிட்டு வந்தோம்.

திரும்பும் வழியில் ஊர்ப் பெருமை ஆரம்பித்தது. திருப்பாச்சேத்தி அரிவாள் அவர் மாமா வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். கொடுமணலில் உருக்கு உலை தோண்டி எடுத்திருக்கிறார்கள். நம் பக்கத்து உருக்கின் ரகசியத்தைப் பிடிக்க லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1819 முதல் சில வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டார். கூட்டாளி ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவர். எல்லாம் சரிதான். அந்தப் பெருமையின் உள்ளூர்ப் பிரதிநிதி அவர் வீட்டிலேயே இருக்கிறது: அக்கா சீதனமாகக் கொண்டுவந்த அரிவாள்மணை. பலாப்பழம் பிளக்கும், மீன் ஆயும், தேங்காய் துருவும். அதற்கு இதுவரை மார்க் போட்டதில்லை. கேட்டால், அது எப்போ பார்த்தாலும் வேலையிலே இருக்கே, எங்கே கையிலே கிடைக்குது என்கிறார்.

குறை இல்லாத கத்தி அவருக்கு இன்னும் அமையவில்லை. அமையவும் கூடாது. அமைந்துவிட்டால் அடுத்ததை வாங்க அக்காவிடம் என்ன காரணம் சொல்வார்? சிங்ககட் மலைமேல் வெள்ளரிக்காய் விற்கும் பாட்டியின் கத்தியை ஒருமுறை வாங்கிப் பார்த்தார். தேய்ந்து தேய்ந்து பாதி அகலமாகிவிட்ட இரும்புத் தகடு, பிடியில் சைக்கிள் ட்யூப் சுற்றியிருந்தது. கூரைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஆள் நிற்குது, குடுப்பா என்று பாட்டி மராத்தியில் அதட்டிப் பிடுங்கிக்கொண்டாள். மலை இறங்கி வண்டியை எடுக்கும்வரை அவர் பேசவில்லை. குறை ஒன்றும் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இவரை நீங்கள் கேலி செய்து ஒதுக்கிவிடக் கூடாது. தீட்டுவதில் அவரை மிஞ்ச எங்கள் வட்டாரத்தில் ஆளில்லை. 1000 கல், 6000 கல், கடைசியில் தோல்வார். உங்கள் வீட்டு மொட்டைக் கத்தி தக்காளித் தோலைத் தானாக உரிக்கும். பைசா வாங்க மாட்டார். லோஹேகாவ் பக்கம் வந்தால் கத்தி, கத்தரிக்கோல், அரிவாள்மணை எது இருந்தாலும் துணியில் சுற்றி எடுத்துவாருங்கள், ஒரு மணி நேரம் கைவசம் வைத்துக்கொண்டு. ஆன்லைனில் தள்ளுபடிக்கு வாங்கியது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது இரண்டு மணி நேரம்.