இலவசக் காவலும் ஊவாக் கணினிகளும்: ஓர் ஆய்வு

ஊவா மாகாணத்தை ஆராய்ந்தோர் தேயிலையை ஆராய்ந்தனர், றப்பரை ஆராய்ந்தனர், நமுனுகுல மலையின் உயரம் 2,036 மீற்றர் என்று அளந்தும் வைத்தனர். பசறை தொட்டு மொனராகலை வரை, வீட்டுக் கணினித் திரையின் வலது கீழ்மூலையில் குந்தியிருந்து, 'உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது' என்று நாளும் மிரட்டும் இலவச அன்டிவைரஸை மட்டும் எவரும் சீண்டவில்லை. அக்குறை தீரவே இக்கட்டுரை எழுந்தது.

முதலில் வரைவிலக்கணம். இலவச அன்டிவைரஸ் என்பது காசு கேட்காமல் வீட்டுக்குள் வந்து, வந்த பிறகு காசு கேட்பது.

அதன் பகையாளியின் வரலாறு சுவையானது. 1986இல் லாகூரைச் சேர்ந்த அல்வி சகோதரர் பாசித்தும் அம்ஜத்தும் 'பிரெய்ன்' என்ற வைரஸை எழுதினர். ஐபிஎம் வகைக் கணினிகளுக்கு வந்த முதல் வைரஸ் இதுவே என்பர். தாங்கள் எழுதி விற்ற மருத்துவ மென்பொருளைக் காசு கொடுக்காமல் கொப்பி அடித்தோரை மடக்கவே அதைச் செய்ததாகச் சகோதரர்கள் சொன்னார்கள். வைரஸுக்குள் தம் பெயர், கடை முகவரி, தொலைபேசி இலக்கம் அனைத்தையும் எழுதி வைத்திருந்தார்கள். இந்தப் பண்பாடு இன்றைய வைரஸ்களிடம் அற்றுப்போயிற்று. களவுக் கொப்பியைத் தண்டிக்கப் பிறந்த குலம் இன்று களவுக் கொப்பியில் ஏறித்தான் ஊர் ஊராகப் போகிறது என்பதையும் ஆய்வாளர் குறித்துக்கொள்க.

வைரஸ் எங்கள் பக்கம் வந்து சேரும் வழி பற்றி இரு கொள்கைகள் உண்டு. இணையத்தால் வருகிறது என்பது படித்தோர் கொள்கை. கொமியூனிகேஷன் கடையால் வருகிறது என்பது அடிபட்டோர் கொள்கை. பின்னதே வலியது. ஏ.எல். படிக்கும் பிள்ளை செயற்றிட்ட அறிக்கையைப் பென் ட்ரைவில் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்தடிக் கடைக்குப் பிரின்ட் எடுக்கப் போகிறது. காலையிலிருந்து ஊர்ப் பென் ட்ரைவெல்லாம் ஏறி இறங்கிய கணினி அது. தாள் வெளியே வரும்போது வைரஸ் உள்ளே போகிறது. தாளுக்கு மட்டுமே காசு.

வீட்டுக்கு வந்து திறந்தால் ஃபோல்டர்கள் எல்லாம் மூலையில் சிறு அம்புக்குறியுடன் ஷோர்ட்கட் ஆகி நிற்கும். 'எல்லாம் அழிஞ்சிருச்சு' என்று அம்மா முதல் பாட்டி வரை கூடிவிடுவார்கள். உண்மையில் ஒன்றும் அழிவதில்லை. 2009இல் வந்த விண்டோஸ் 7, பென் ட்ரைவை மாட்டியதும் உள்ளிருப்பது தானாக ஓடும் வசதியை நிறுத்தியது. அதன்பின் வைரஸ் ஓடுவதற்கு ஒரு மனித விரல் தேவைப்பட்டது. விரலை ஏமாற்றத்தான் இந்த ஷோர்ட்கட். வைரஸ் உங்கள் ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் ஒரு ஷோர்ட்கட்டை வைக்கும். அதை அழுத்தினால் முதலில் தான் ஓடும், பிறகு மரியாதைக்கு உங்கள் ஃபோல்டரையும் திறந்து காட்டும்.

இங்கேதான் ஒரு முரண். அன்டிவைரஸ் வந்து ஷோர்ட்கட்டை அழிக்கும். மறைந்திருக்கும் ஃபோல்டரை வெளியே எடுத்துத் தருவது பெரும்பாலும் அதன் வேலையில் சேராது. வைரஸ் இருந்தவரை திறந்த ஃபோல்டர், அன்டிவைரஸ் வந்தபின் காணாமல் போகிறது. நோயை விட வைத்தியன் பொல்லாதவன் என்ற எண்ணம் எங்கள் பகுதியில் வேரூன்றியதற்கு இதுவே காரணம் என்பது என் துணிபு. 'அட்ரிப்' என்ற கட்டளை ஒன்றால் மறைப்பை நீக்கிவிடலாம். அது தெரியாமல் பென் ட்ரைவை ஃபோமட் செய்து அறிக்கையைத் தொலைத்த பிள்ளைகளே அதிகம்.

இனி எந்த இலவசம் சிறந்தது என்ற வாதம். பதுளையில் ரயில் ஏறும்போது தொடங்கினால் கோட்டை வரை அது முடியாது. பிராகில் பிறந்த அவாஸ்டே என்பார் ஒருவர். இல்லை, அதே செக் நாட்டு ஏவிஜி என்பார் மற்றவர். ஜேர்மனியின் அவிராவுக்கும் பக்தர் உண்டு. இவர்கள் கவனிக்காத செய்தி: 2016இல் அவாஸ்ட் ஏவிஜியை 1.3 பில்லியன் டொலருக்கு வாங்கியது. 2021இல் அவிரா நோர்ட்டன் கைக்குப் போனது. 2022இல் நோர்ட்டனும் அவாஸ்டும் இணைந்து ஜென் டிஜிட்டல் ஆயின. மல்லுக்கட்டும் மூவருக்கும் முதலாளி ஒருவரே.

குணநலன்களில் அவாஸ்ட் தனித்துவமானது, பேசும். 'வைரஸ் டேட்டாபேஸ் ஹேஸ் பீன் அப்டேட்டட்' என்று திடீரென ஒரு குரல் அறிவிக்கும். லயத்தில் காம்பராக்களுக்கு இடையே இருப்பது ஒற்றைச் சுவர் என்பதால் பக்கத்துக் குடும்பத்துக்கும் அந்தச் செய்தி போய்ச் சேரும். ரீலோட் போட்ட டேட்டா எங்கே போனது என்று தேடுவோருக்கும் அக்குரலே விடை.

ஒன்று நல்லதென்றால் இரண்டு மேலும் நல்லது என்று இரண்டையும் போடுவோர் உளர். ஒரு மலைக்கு இரண்டு கங்காணி போட்டால் ஒருவரையொருவர் மேய்ப்பார்களே தவிர கொழுந்து கூடைக்குள் விழாது. கணினியும் அப்படியே படுத்துவிடும்.

கிராக் மரபையும் சொல்லாமல் விட முடியாது. களவு விண்டோஸ் போட்டுத் தருபவர் முதலில் அன்டிவைரஸை நிறுத்துவார், கிராக்கை ஓடவிடுவார், மறுபடி இயக்குவார். அது கூச்சலிட்டால் 'சும்மா கத்தும், கணக்கெடுக்காதீங்க' என்பார். சில வேளைகளில் அது சும்மா கத்தவில்லை.

சும்மா தருவோர் எதில் பிழைக்கிறார்கள்? அவாஸ்டின் துணை நிறுவனம் ஜம்ப்ஷொட், பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறார்கள் என்ற தகவலை விற்றுவந்தது. அம்பலமானதும் 2020 ஜனவரியில் அதை மூடினார்கள். 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அவாஸ்டை 16.5 மில்லியன் டொலர் கட்ட வைத்தது. காவலுக்கு வந்தவர் வீட்டில் யார் எங்கே போய்வருகிறார் என்று குறிப்பெடுத்திருக்கிறார்.

தீர்ப்பு இது. 2012இல் வந்த விண்டோஸ் 8 தொட்டு, டிஃபென்டர் என்ற காவல் விண்டோஸுடனேயே வருகிறது. வீட்டுக்கு அது போதும். வேறொன்றைப் போட்டால் அது தானாக ஒதுங்கிக்கொள்ளும், ஆகவே போடாதீர்கள். விழித்திருக்கிறதா என்ற ஐயம் வந்தால் ஈகார் என்ற அமைப்பு வகுத்த 68 எழுத்துத் தீங்கற்ற சோதனை வரியை நோட்பேடில் இட்டுச் சேமித்துப் பாருங்கள். கத்தினால் உயிர் இருக்கிறது.

பஸ் நிலையத்தடிக் கடைக்கார அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள்: பரீட்சை விண்ணப்ப காலம் வருமுன் அந்தக் கணினியை ஒரு தரம் ஸ்கேன் பண்ணிவிடுங்கள், பிரின்டுக்கு இரண்டு ரூபாய் கூட்டித் தருகிறோம்.