ஒக்க நிமிஷம், சார்!

ஒரு பேச்சை முடித்துவைக்கும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. போனில் "சரி, வெச்சிடட்டுமா?" என்று நான் கேட்ட பிறகுதான் எதிரில் இருப்பவருக்குத் தன் மச்சினன் வீட்டு நில வழக்கு ஞாபகம் வரும். கேட்டுக்கொண்டே இருப்பேன். இப்படிப்பட்டவனை ஓர் அபார்ட்மென்ட் அசோசியேஷனுக்குத் தலைவராக்கினால் என்ன ஆகும் என்பதற்கு, அலிபிரி பக்கத்தில் இருக்கும் எங்கள் நாலு மாடிக் கட்டடமே சாட்சி.

நான் பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், சித்தூர் பக்கத்துத் தமிழன். பார்லிமென்ட் நடைமுறை விதிகளைப் படிப்பது என் பொழுதுபோக்கு. சொன்னால் சிரிப்பார்கள் என்று வெளியே சொல்வதில்லை. ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "சாருக்கு ரூல்ஸ் எல்லாம் தெரியும்" என்று யாரோ எடுத்துவிட, மற்றவர்கள் தாங்கள் தப்பித்த சந்தோஷத்தில் கையைத் தட்டிவிட்டார்கள்.

அலிபிரி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, திருமலைக்கு ஏறும் 3,550 படிகள் இங்கேதான் தொடங்குகின்றன. இன்னொன்று, 2003 அக்டோபர் 1ஆம் தேதி அப்போதைய முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் காருக்கு நக்சலைட்டுகள் கண்ணிவெடி வைத்தது இங்கேதான். இங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த மூன்றாவது விஷயம் ஒன்று உண்டு: உறவினர்களின் கார்கள். வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் சனிக்கிழமை விடியலில் வருவார்கள். காரை நம் கட்டடத்துக்குள் சொருகுவார்கள், காபி குடிப்பார்கள், கோவிந்தா என்று மலையேறிவிடுவார்கள். மறுநாள் மாலை இறங்கி வரும்வரை யாருடைய கார் யாருடைய காரை மறித்துக்கொண்டு நிற்கிறது என்று மலையப்பனுக்குத்தான் வெளிச்சம். விருந்தாளி காருக்குக் கட்டணம் போடலாமா என்பதுதான் என் தலைமையில் வந்த முதல் பிரச்சினை.

எதிர்த்தவர் மூன்றாவது மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்காரு. கட்டடத்திலேயே அதிக உறவினர்கள் உள்ளவரும் அவர்தான். எழுந்தார். விருந்தோம்பலில் தொடங்கி, 1970களில் திருப்பதி எப்படி இருந்தது என்பதற்குப் போய், தன் மூத்த மருமகனின் குணநலன்கள் வரை வந்தார். நான் தொண்டையைச் செருமும்போதெல்லாம் ஒரு விரலை உயர்த்தி, "ஒக்க நிமிஷம், சார்" என்பார். அந்த ஒரு நிமிஷத்துக்குள் மின்வெட்டு வந்து, ஜெனரேட்டர் ஓடி, டீசலும் தீர்ந்தது.

என்னிடம் ஆயுதம் இல்லாமல் இல்லை. மக்களவை விதிகளில் 362ஆவது இதற்கென்றே இருக்கிறது. விவாதம் போதும், பிரச்சினையை இப்போதே வாக்குக்கு விடலாம் என்று எந்த உறுப்பினரும் முன்மொழியலாம். சபை ஒப்புக்கொண்டால் பேச்சு அதோடு சரி. அடுத்த கூட்டத்தில் நான் அதைக் கம்பீரமாக அறிவித்தேன். ஆதரிப்பவர்கள் சொல்லுங்கள் என்றேன், கூச்சல். எதிர்ப்பவர்கள் என்றேன், அதே அளவு கூச்சல். சரி, கையைத் தூக்குங்கள் என்று எண்ணினேன். கட்டடத்தில் இருக்கும் வீடுகளைவிட ஓட்டு அதிகமாக வந்தது. புருஷன் பெண்டாட்டி இருவரும் தூக்கியிருந்தார்கள், சில வீடுகளில் எதிரெதிர் பக்கமாக. வாட்ச்மேன் இரண்டு தடவையும் தூக்கியிருந்தார். என் மனைவி மாஸ்டர்காரு பக்கம். "அவர் பாவம், பேசிட்டுப் போகட்டுமேங்க" என்றாள்.

குரல் வாக்கெடுப்பு என்பது என்னை மட்டும் கவிழ்த்த ஏற்பாடில்லை என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளலாம். 2014 ஜனவரி 30ஆம் தேதி ஆந்திர சட்டப்பேரவையில், மாநிலத்தைப் பிரிக்கும் மசோதாவை நிராகரிக்கும் தீர்மானம் அப்படித்தான் நிறைவேறியது. கொண்டுவந்தவர் எங்கள் மாவட்டத்து முதல்வர் கிரண்குமார் ரெட்டி. அமளிக்கு நடுவே ஆம், இல்லை என்று குரல்கள் எழ, சபாநாயகர் முடிவைச் சொல்லிவிட்டார். அரசியல் சட்டத்தின் 3ஆவது பிரிவுப்படி மாநிலத்தின் கருத்தைக் கேட்டால் போதும், கேட்டபடி நடக்க வேண்டியதில்லை. ஆக, பேரவை வேண்டாம் என்று அனுப்பிய மசோதா டெல்லியில் நடைபோட்டது. பிப்ரவரி 13ஆம் தேதி விஜயவாடா எம்.பி. ராஜகோபால் மக்களவைக்குள் மிளகு ஸ்பிரே அடித்தார். 18ஆம் தேதி மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது.

அன்று நான் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தேன். நேரடி ஒளிபரப்பு சட்டென்று நின்றுபோனது. எங்கள் தெரு கேபிள்காரப் பையனை போனில் பிடித்து, மாதா மாதம் பணம் மட்டும் சரியாக வாங்கத் தெரிகிறதே என்று தொடங்கி, வரலாற்றுப் பொறுப்பு வரைக்கும் போய்விட்டேன். நாடு முழுக்கத்தான் ஒளிபரப்பு இல்லை. தொழில்நுட்பக் கோளாறு என்று பிற்பாடு விளக்கம் வந்தது. அந்த இருட்டுக்குள்தான் மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. பையன் சாயங்காலம் வந்து, "சார், நேனு காது (நான் இல்லை), டெல்லி" என்றான். எனக்கு மன்னிப்புக் கேட்கக்கூடத் தெரியவில்லை. அந்த மாத சந்தாவை முன்கூட்டியே கொடுத்தனுப்பினேன்.

தோற்றவன் புத்தகத்துக்குத்தான் திரும்புவான். பேசியே ஒரு காரியத்தைக் கொல்வதைப் பிலிபஸ்டர் என்கிறார்கள். அமெரிக்க செனட்டில் அது ஒரு கலை. ஆனால் அதை வெட்டும் கத்தி செனட்டுக்கு முன்பே லண்டனில் தீட்டப்பட்டது. 1881 ஜனவரி 31ஆம் தேதி கூடிய காமன்ஸ் சபையை, பார்னெல் தலைமையிலான அயர்லாந்து உறுப்பினர்கள் அடக்குமுறைச் சட்டத்துக்கு எதிராகப் பேசிப் பேசியே நாற்பத்தொன்றரை மணி நேரம் இழுத்தார்கள். பிப்ரவரி 2ஆம் தேதி காலையில் சபாநாயகர் பிராண்ட் வந்து, எந்த விதியும் கையில் இல்லாமல், தன் பொறுப்பிலேயே பேச்சை நிறுத்தி வாக்குக்கு விட்டார். விதி அடுத்த வருஷம்தான் வந்தது. அந்த மனிதரின் நெஞ்சழுத்தத்தில் காலே அரைக்கால் பங்கு எனக்கிருந்திருந்தால் டீசலாவது மிஞ்சியிருக்கும்.

அமெரிக்க செனட்டுக்கு இந்தக் கத்தி 1917இல்தான் கிடைத்தது, அதுவும் வணிகக் கப்பல்களில் ஆயுதம் வைக்கும் மசோதாவை ஒரு சிறு கூட்டம் பேசியே சாகடித்த பிறகு. 1935இல் ஹியூயி லாங் என்ற செனட்டர் நேரம் கடத்துவதற்காக சிப்பியை எப்படிப் பொரிப்பது என்று சபையில் பக்குவம் சொன்னார். 1957இல் ஸ்ட்ராம் தர்மாண்ட் கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டத்துக்கு எதிராக 24 மணி 18 நிமிடம் நின்றார். முந்தியே நீராவிக் குளியல் போட்டு உடம்பின் தண்ணீரை வற்றவைத்துக்கொண்டார் என்பார்கள். 2025இல் கோரி புக்கர் 25 மணி 5 நிமிடம் பேசி அந்தச் சாதனையை முறியடித்தார்.

இதையெல்லாம் ஒரு கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். மாஸ்டர்காருவுக்கு உறைக்கட்டும் என்று குத்தலாகத்தான் சொன்னேன். அவர் உன்னிப்பாகக் கேட்டார். தர்மாண்ட் என்ன சாப்பிட்டார் என்று விசாரித்தார். அடுத்த கூட்டத்துக்கு பிளாஸ்க்கோடும் முதுகுக்குத் தலையணையோடும் வந்து உட்கார்ந்தார்.

என் பெரிய முட்டாள்தனம் அதற்குப் பிறகுதான். செனட்டில் பேச்சை முடிக்க இப்போது 100 பேரில் 60 பேர் வேண்டும், ஐந்தில் மூன்று. 1975இல் வந்த ஏற்பாடு. அதையே நம் அசோசியேஷனுக்கும் வைத்துவிடுவோம் என்றேன். எவ்வளவு நாகரிகமான விதி என்று நினைத்தேன். மாஸ்டர்காரு உடனே வழிமொழிந்தார். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

செனட்டின் ஐந்தில் மூன்று என்பது, வந்து உட்கார்ந்திருப்பவர்களில் அல்ல, மொத்த உறுப்பினர்களில். நம் அரசியல் சட்டத்தின் 100ஆவது பிரிவு, வந்திருந்து வாக்களிப்பவர்களில் பெரும்பான்மை போதும் என்று நடைமுறை அறிந்து சொல்கிறது. செனட்டர்களே இதில் தடுமாறியவர்கள்தான்: 1917இல் வந்தவர்களில் மூன்றில் இரண்டு என்று வைத்து, 1949இல் மொத்தத்தில் என்று மாற்றி, பத்து வருஷத்தில் மறுபடி வந்தவர்களுக்கே திரும்பினார்கள். மொத்தம் என்று வைத்தால், வீட்டில் படுத்துத் தூங்குகிறவனும் பேச்சு தொடரட்டும் என்று ஓட்டுப் போட்டதாகவே கணக்கு. பேசுபவர் பேசக்கூட வேண்டாம். முடிக்க நினைப்பவன்தான் ஆள் திரட்டி அலைய வேண்டும். எங்கள் கட்டடத்தில் பாதி வீட்டுக்காரர்கள் ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள், வைகுண்ட ஏகாதசிக்கு மட்டும் வருவார்கள். ஐந்தில் மூன்றுக்கு நான் எங்கே போக? சட்டம் படித்தவன் என்று பெயர் எடுத்தவன், விவாதத்தை ஒருபோதும் முடிக்கவே முடியாத விதியை என் கையாலேயே எழுதி, ரப்பர் ஸ்டாம்பும் குத்தியிருந்தேன்.

நம் ஊர் வழக்கம் வேறு. இங்கே நீளப் பேசி மறிக்க முடியாது. கட்சிக்கு இத்தனை நிமிடம் என்று பங்கு போட்டுவிடுகிறார்கள், தாண்டினால் மணி அடிக்கிறது. ஐ.நா. பாதுகாப்பு சபையில் 1957இல் காஷ்மீருக்காக எட்டு மணி நேரம்போலப் பேசிய கிருஷ்ண மேனன் கூட நியூயார்க் போய்த்தான் அதைச் செய்ய முடிந்தது. ஆகவே நாம் பேசவிடாமல் மறிக்கிறோம். பதாகையோடு மையப்பகுதியில் இறங்கினால் போதும். 2018 மார்ச்சில், ஆந்திராவின் சிறப்பு அந்தஸ்துக்காக தெலுங்கு தேசமும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு நோட்டீஸ் கொடுத்தன. ஆதரிக்கும் 50 பேர் எழுந்து நிற்பதை சபாநாயகர் எண்ண வேண்டும். சபை ஒழுங்கில் இல்லை, எண்ண முடியவில்லை என்று நாள்தோறும் தள்ளிப்போனது. மையத்தில் நின்று மறித்தவர்களில் தெலங்கானாக்காரர்களோடு, காவிரி மேலாண்மை வாரியம் கேட்ட நம் அ.தி.மு.க. எம்.பி.க்களும் உண்டு. அந்த மாதம் முழுக்க டீக்கடையில் என்னைப் பார்த்து, "மீ அரவவாள்ளு" (உங்க தமிழ்க்காரர்கள்) என்று தொடங்கும் கேள்விகளுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. காவிரியின் நியாயத்தை விளக்கத் தொடங்குவேன். டீ ஆறும், கேட்டவர் போய்விட்டிருப்பார். அதே மார்ச் 14ஆம் தேதி நிதி மசோதாவும் மானியக் கோரிக்கைகளும் விவாதமே இல்லாமல், கில்லட்டின் என்று அவர்கள் சொல்லும் முறையில், சுமார் அரைமணியில் நிறைவேறின. நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஜூலை 20ஆம் தேதிதான் எடுக்கப்பட்டது. நம் பக்கத்துக் கல்லா குடும்பத்து ஜெயதேவ் தொடங்கிவைக்க, இரவு வரை நடந்து, 325க்கு 126 என்று தோற்றது. தோற்றாலும் பேசித் தோற்றார்கள்.

பேச்சை முடிக்க வழி தெரியாதவர்கள் சபையையே முடித்துவிடப் பார்ப்பதும் உண்டு. 2020 ஜனவரியில் மாநிலத்துக்கு மூன்று தலைநகரங்கள் என்னும் மசோதாக்களை ஆந்திர மேலவைத் தலைவர் தேர்வுக் குழுவுக்கு அனுப்பித் தாமதப்படுத்தினார். ஐந்தே நாளில், மேலவையே வேண்டாம் என்று பேரவை தீர்மானம் போட்டது. (அடுத்த வருஷம் அதைத் திரும்பப் பெற்றார்கள்.) எனக்கு அது பிடித்துப்போய், அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவைக் கலைத்தேன். மாஸ்டர்காரு ஒரு மணி நேரத்தில் புதிதாக ஒன்று தொடங்கினார். என்னைச் சேர்க்கவில்லை.

சிரித்துக் கடக்க முடியாத தோல்வியும் ஒன்று இருக்கிறது. 362ஆவது விதியில் நான் வேகமாகத் தாண்டிப்போன ஒரு நிபந்தனை உண்டு: நியாயமான விவாத உரிமையைப் பறிப்பதாகத் தெரிந்தால், சபாநாயகர் முடிவுத் தீர்மானத்தை ஏற்கவே வேண்டாம். போதுமான அளவு பேசியாயிற்றா என்பதை ஒரு மனிதர் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். அப்படி உட்கார்ந்தவர்களில் ஒருவர் இங்கிருந்து சில கிலோமீட்டரில் திருச்சானூரில் பிறந்தவர்: மாடபூஷி அனந்தசயனம் ஐயங்கார். திருப்பதியிலிருந்து 1952இல் ஜெயித்துத் துணை சபாநாயகர் ஆனார். 1956இல் மாவ்லங்கர் மறைந்த பிறகு சபாநாயகர். அந்தப் பெயரைச் சொல்லித்தான் நான் கூட்டங்களில் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தில் மூன்று விதியை ஒருவழியாக ரத்து செய்த கூட்டத்தில், தரைத்தள வீட்டு அம்மா தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். ஒரு கூட்டத்திலும் பேசாதவர். அதற்குள் மாஸ்டர்காரு என்னை முக்கால் மணி நேரம் வறுத்திருந்தார். எனக்கு விட்டால் போதும் என்றிருந்தது. "அம்மா, விவாதம் முடிஞ்சுபோச்சு, ஓட்டு எடுக்கப் போறேன்" என்றேன். கையை இறக்கிக்கொண்டார். கட்டணம் வேண்டாம் என்று தீர்மானமானது. அவர் சொல்ல வந்ததைப் பிற்பாடு என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்: முந்தின சனிக்கிழமை அவர் கணவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்த ஆம்புலன்ஸ், இரண்டு வெளியூர்க் கார்களுக்குப் பின்னால் கேட்டுக்கு வெளியிலேயே நின்றிருக்கிறது. கடவுள் புண்ணியத்தில் அவர் பிழைத்துக்கொண்டார். எங்கள் எல்லாக் கூட்டத்திலும் சேர்த்து காரியத்துக்கு ஆகக்கூடிய பேச்சு அது ஒன்றுதான். நான் வெற்றிகரமாக முடித்துவைத்த ஒரே விவாதமும் அதுதான்.

1964இல் செனட்டில் சிவில் உரிமைச் சட்டத்தின் மீதான பிலிபஸ்டரை 71க்கு 29 என்று முறித்த நாளில், மூளை அறுவை சிகிச்சையால் பேச்சிழந்த கிளேர் எங்கிள் என்ற செனட்டரை சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். பெயர் கூப்பிட்டபோது அவர் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். ஆங்கிலத்தில் அதற்கும் 'ஆம்' ஓட்டுக்கும் ஒரே ஒலி. எண்ணிக்கொண்டார்கள். இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். என் மனைவி எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

நான் ராஜினாமா செய்துவிட்டேன். மாஸ்டர்காரு தலைவராகி, வந்த வேகத்தில் ஒரு பித்தளை மணி வாங்கிவிட்டார். ஆளுக்கு இரண்டு நிமிடம், கறாராக அடிக்கிறார். ஆம்புலன்ஸ் விஷயத்தை அந்த அம்மாவே பேசட்டும், நான் கார்த் தீர்மானத்தை மறுபடி எடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன் என்று நேரம் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். நேற்று அஜெண்டாவை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். முதலில் அந்த அம்மா. இரண்டாவது வாக்கெடுப்பு. அதற்குக் கீழே, தேநீருக்கும் பிறகு, என் பெயர்.