பிரவுன் ஷீட் போட்ட இங்கிலீஷ்

எங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் தமிழ் மீடியம் பையனுக்கு இங்கிலீஷ் வரவில்லை என்றால், பெரியவர்கள் எல்லாரும் ஒரே மருந்தைத்தான் எழுதிக்கொடுப்பார்கள். “தினம் ஹிந்து எடிட்டோரியல் படி. தெரியாத வார்த்தைக்கு டிக்‌ஷனரி பார். நோட்டில் எழுதி வை.” சொல்கிறவர் எடிட்டோரியல் படித்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எங்கள் பெரியப்பா தலைப்புச் செய்தியைப் பார்ப்பார், கிரிக்கெட் ஸ்கோரைப் பார்ப்பார், நடுவில் மிஞ்சியதை உருவி என்னிடம் கொடுத்துவிடுவார்.

1878-ல் தொடங்கிய பேப்பர். அதை ‘மவுண்ட் ரோடு மகாவிஷ்ணு’ என்று மேடையில் கிண்டல் செய்தவர்கள்கூட, தங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இங்கிலீஷ் வர அந்த விஷ்ணுவையே சேவிக்கச் சொன்னார்கள். நானும் சேவித்தேன். திண்ணையில் பேப்பர், மடியில் லிஃப்கோ டிக்‌ஷனரி, பக்கத்தில் நடுவே கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. ஒரு வாக்கியம் பத்தியின் உச்சியில் ஏறினால் அடிவாரத்தில்தான் இறங்கும். வழியில் தெரியாத சொல் ஒன்று நிற்கும். டிக்‌ஷனரியில் அதைக் கண்டுபிடித்தால், அங்கே இருக்கும் தமிழுக்கு இன்னொரு டிக்‌ஷனரி வேண்டியிருக்கும். 1985-ல் ரீகனும் கோர்பச்சேவும் ஜெனீவாவில் உட்கார்ந்து பேசியபோது நான் முதல் பத்தியில் இருந்தேன். அடுத்த வருஷம் ரெய்க்யாவிக்கில் அவர்கள் மறுபடி சந்தித்தபோது இரண்டாவது பத்திக்கு வந்துவிட்டேன். ஆயுதக் குறைப்பு எங்கள் இரு தரப்பிலும் மெதுவாகத்தான் நடந்தது.

தெருக்கோடியில் ஓர் அண்ணன் இருந்தார். எடிட்டோரியல் வழியெல்லாம் சுற்றுவழி என்று சொல்லிவிட்டு, டிக்‌ஷனரியையே ஏ எழுத்திலிருந்து மனப்பாடம் செய்ய ஆரம்பித்தார். விடிகாலை, வாய்விட்டு, குளக்கரையில். சில மாதத்தில் அவரால் ஒருவரை இங்கிலீஷில் கைவிட முடிந்தது, கடத்த முடிந்தது, ஒரு சட்டத்தை அடியோடு ஒழிக்கவும் முடிந்தது. வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடக் கூப்பிட முடியவில்லை. அது ‘ஈ’யில் இருக்கிறது. அவர் ‘பி’யைத் தாண்டவேயில்லை.

இந்த நோய்க்கு வெகுகாலம் முன்பே ஒரு வெள்ளைக்காரர் வைத்தியம் சொல்லியிருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பெயர் மைக்கேல் வெஸ்ட். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர். வங்காளத்துப் பிள்ளைகள் சக்திக்கு மீறிய பாடப்புத்தகங்களோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, 1920-களிலேயே அபூர்வச் சொற்களைக் களைந்துவிட்டு எளிய வாசகப் புத்தகங்கள் தயாரித்தார். புதுச்சொல் கொஞ்சமாகத்தான் வரும், வந்தது விடாமல் திரும்பத் திரும்ப வரும். 1953-ல் இதுதான் முதலில் வேண்டியது என்று சுமார் 2000 சொற்களின் பட்டியலையும் வெளியிட்டார். நியூசிலாந்துக்காரரான பால் நேஷன் இன்னும் கறார். நூறு சொல்லில் 98 தெரிந்திருந்தால்தான் துணையில்லாமல் நிம்மதியாக வாசிக்க முடியும் என்கிறார். எடிட்டோரியலில் எனக்கு அந்தக் கணக்கு அப்படியே தலைகீழ்.

என்னைக் கரையேற்றியவர் ஜேம்ஸ் ஹாட்லி சேஸ். சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் ஒரு லெண்டிங் லைப்ரரி இருந்தது. முன்வரிசையில் பைண்டு செய்த வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள், அவற்றுக்குப் பின்னால், கேட்டால் மட்டும் எடுத்துக் கொடுக்கப்படும் சேஸ். அட்டையில் ஒரு பெண், ஒரு துப்பாக்கி. இரண்டில் துப்பாக்கி மட்டும்தான் கதைக்குள் வரும். ஆனால் அதை வீட்டில் யாருக்கு விளக்குவது? எல்லா புத்தகத்துக்கும் ஸ்கூல் பிரவுன் ஷீட் போட்டு, லேபிளும் ஒட்டினேன். “என்னடா படிக்கிற?” என்று அம்மா கேட்பாள். “இங்கிலீஷ்மா.” பொய்யில்லை. ராத்திரி பதினொரு மணிவரை பிள்ளை இங்கிலீஷ் படிக்கிறான் என்று பாலில் அரை ஸ்பூன் சர்க்கரை கூடுதலாக விழுந்தது. பெரியப்பா வந்தவர் போனவரிடமெல்லாம் எடிட்டோரியலின் மகிமையைச் சொன்னார்.

லிஃப்கோ அந்த நாட்களில் பரணுக்குப் போய்விட்டது. கதவுக்குப் பின்னால் ஒருவன் துப்பாக்கியோடு நிற்கும்போது, யார் எழுந்துபோய் டிக்‌ஷனரி தேடுவது? தெரியாத சொல்லைத் தாண்டிப் போவேன். பத்துப் பக்கம் கழித்து அதே சொல் வேறொருவன் மண்டையில் விழும். மூன்றாம் தடவை விழும்போது அர்த்தம் தானாகத் தெரிந்துவிடும். வெஸ்ட் துரை மெனக்கெட்டுச் செய்ததை, சேஸ் மண்டை மண்டையாக உடைத்தே செய்தார்.

அந்த சேஸும் நம்ம கேஸ்தான். 1906-ல் லண்டனில் பிறந்தவர். வீடு வீடாக ஏறிக் குழந்தைகள் கலைக்களஞ்சியம் விற்றவர். 1939-ல் வெளிவந்த முதல் நாவலில் அமெரிக்க ரவுடிகளை அசல் அமெரிக்க பாஷையில் பேச வைத்தார். எல்லாம் அமெரிக்கக் கொச்சைமொழி அகராதியையும் மேப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது. அவர் அகராதி பார்த்து எழுதினார், நான் பார்க்காமல் படித்தேன்.

பக்கவிளைவு இல்லாமல் இல்லை. கல்லூரிக் காலத்தில் முதன்முதலாகக் கணக்குத் தொடங்க ஒரு பேங்குக்குப் போனேன். அந்தப் பேங்கைக் கொள்ளையடிக்கத் தேவையான அத்தனை இங்கிலீஷும் என்னிடம் இருந்தது. காவலாளியைக் கட்டிப்போட, பெட்டகத்தைத் திறக்க, பின்வாசல் வழியாகக் காரில் தப்பிக்க, எல்லாம் சரளம். விண்ணப்பத்தை நிரப்பத்தான் இல்லை. துப்பாக்கிக்கு ஐந்து பெயர் தெரிந்தவன், ‘இவண்’ போடும் இடத்தில் என்ன எழுதுவது என்று பக்கத்தில் நின்ற பெரியவரைக் கேட்டேன்.

பிறகுதான் ஒரே டாக்டரிடம் எல்லா வியாதிக்கும் போகக்கூடாது என்று புரிந்தது. கோர்ட்டு பாஷைக்கு ஏர்ல் ஸ்டான்லி கார்ட்னர், அவர் நிஜமாகவே வக்கீல். விஷத்துக்கும் சாயங்கால டீக்கும் அகதா கிறிஸ்டி, முதல் உலகப்போரில் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவர். அத்தைகளைச் சமாளிக்க வுட்ஹவுஸ். இந்த வரிசையில் ஏறி வந்ததில் எடிட்டோரியலும் ஒருநாள் புரிந்தது. பெரியப்பா அதை ஏன் உருவிக் கொடுத்தார் என்பதும் சேர்ந்தே புரிந்தது.

இப்போது என் அண்ணன் மகன் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். போனில் தினம் பத்துச் சொல் வருகிறது, மணியடித்து. பத்தையும் மனப்பாடம் செய்கிறான், மறுநாள் வேறு பத்து வந்து பழையதை வெளியே தள்ளிவிடுகிறது. குளக்கரை இல்லை என்பதைத் தவிர வித்தியாசமில்லை. அவனுக்கென்று திருவல்லிக்கேணியில் பைகிராப்ட்ஸ் ரோடு நடைபாதைக் கடைகளில் சேஸ் தேடினேன். கடைக்காரர் கட்டுக்கடியிலிருந்து ஒன்றை உருவினார். முன்பு வைத்திருந்தவர் நம்மைப்போலத்தான் போலிருக்கிறது, வரிக்கு வரி பென்சிலில் தமிழ் அர்த்தம். முதல் அத்தியாயம் முழுக்க நெருக்கமாக, இரண்டாவதில் அங்கொன்று இங்கொன்று, 31-ஆம் பக்கத்தோடு பென்சில் நின்றுவிட்டது. கதை ஆளைப் பிடித்துக்கொண்டுவிட்டது. இதைவிட நல்ல இங்கிலீஷ் வாத்தியாரை நான் எங்கே தேடுவேன் என்று பேரம்கூடப் பேசாமல் வாங்கிவந்து, அவனிடம் கொடுப்பதற்கு முன் முதல் பக்கத்தைப் புரட்டினேன். மனுஷர் படித்து முடித்த சந்தோஷத்தில், திரும்ப வந்து, கொலைகாரன் யார் என்று அங்கேயே சிவப்பு மையில் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தார்.