மரியாதை ஏறினால் ஆபத்து

கோவைப் பக்கத்து ஐ.டி.ஐ. எதிலும் ஃபிட்டர் சாரைக் கண்டுபிடிப்பது சுலபம். சட்டைப் பையில் ஆறு அங்குல ஸ்டீல் ரூல் இருக்கும். கல்யாண வீட்டில் மொய் வைக்கும்போதும் இருக்கும்.

இருபது அரங்கள் ஒன்றாக ராவும் ஒர்க்‌ஷாப்பில் கத்தினால் யார் காதிலும் விழாது. அதனால் சார் கத்துவதில்லை. காதாலேயே ஆள் பிடிப்பார். அரம் முன்னால் போகும்போதுதான் வெட்டும். திரும்பும்போதும் அழுத்தி இழுக்கிறவனை முதுகைத் திருப்பி நின்றபடியே பெயர் சொல்லி அழைப்பார்.

அழைக்கிற விதத்தில்தான் விஷயம். 'டேய்' என்றால் சார் சந்தோஷமாக இருக்கிறார். 'கண்ணு' என்றால் ஜாப் சரியில்லை. 'ஏனுங்க தம்பி, இப்புடி வாங்க' என்றால், பையன் வீடு போய்ச் சேர இருட்டிவிடும்.

அடி கிடையாது, முட்டி போடுவதும் கிடையாது. ஒரு எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) கட்டியைக் கொடுத்து, "ஒரு பக்கத்த மட்டும் சமமா ராவிக் குடுத்துட்டுப் போங்க" என்பார். பையன் சிரித்துக்கொண்டே வாங்குவான். புதுக் கை ஆடும், ஓரம் தேயும், நடு மேடாகும். டிரை ஸ்கொயரை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்து, "நிலா தெரியுதுங்க தம்பி" என்று திருப்பித் தருவார். விடலைத் திமிர் சாயங்காலத்துக்குள் இரும்புத் தூளாகக் கீழே கிடக்கும்.

லேத்தில் சக் கீயை எடுக்காமல் சுவிட்சில் கை வைத்தால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. சுழலும் சக் அந்தச் சாவியை யார் மண்டைக்கு அனுப்புமோ! அப்போது வரும் வார்த்தைகளில் ஒரு 'ங்க'கூட இருக்காது.

ஜி.டி. நாயுடு சாருக்குக் குலதெய்வம். இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரிக்கு முன்னோடியாக 1945-இல் தொடங்கிய ஆர்தர் ஹோப் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். நாலு வருஷப் படிப்பு வீண், இரண்டே போதும் என்று வாதாடி, அரசு கேட்காததால் பதவியை விட்டவர். ஃபிட்டர் படிப்பும் இரண்டு வருஷம்தான். "உங்களுக்கு அரத்தப் புடிக்கவே ஒரு வருஷம் ஆகுதுங்களே" என்பார் சார். அந்த 'ங்களே'யைக் கேட்டதும் வகுப்பே நிமிர்ந்து நிற்கும்.

கணபதியில் சொந்த லேத் பட்டறை போட்ட பழைய மாணவன் காரில் வந்து இறங்கினால், வாய் நிறைய "வாடா!" அவனுக்கு முகம் மலரும். பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டறையிலிருந்து போன் வரும். "அப்படீங்களா தம்பி? நான் வர்ற வரைக்கும் அங்கயே இருங்க" என்பான்.

சார் ஸ்டீல் ரூலை வெளியே எடுப்பார். "எவ்வளவுடா கூடுதலா வெட்டிட்டான்?"