தொலைக்க முடியாத குல்லாய்

இவர் முப்பத்தைந்து வருஷம் மத்திய அரசின் கணக்குப் பிரிவில் இருந்தவர். அத்தனை வருஷத்தில் ஒரு ஃபைலைத் தொலைத்தது கிடையாது. ஆனால் டெல்லிக்கு வந்த நாளிலிருந்து, ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு மஃப்ளரும் ஒரு குல்லாயும் இவரை விட்டுப் போய்க்கொண்டே இருக்கின்றன. முன்பெல்லாம் டி.டி.சி. பஸ்ஸில் போயின. இப்போது மெட்ரோவில் போகின்றன. ஊர் முன்னேறியது எங்கள் வீட்டுக்கு இப்படித்தான் தெரியவந்தது.

தொலையாமல் நின்றது ஒரே ஒரு மங்கி குல்லாய். மூக்குப்பொடி நிறம், உச்சியில் குஞ்சம். அதைத் தொலைக்க நானே இரண்டு தடவை முயன்றிருக்கிறேன். ஒரு தடவை வாட்ச்மேன் மாடியேறி வந்து, "சாரோடது" என்று கையில் கொடுத்துவிட்டுப் போனார். இன்னொரு தடவை பழைய துணி மூட்டையிலிருந்து இவரே மீட்டுக்கொண்டு வந்தார். மயூர் விஹாரில் ஜனவரி மாதம் காலை ஆறரை மணிக்கு, பனிமூட்டத்துக்குள் இரண்டு கண்ணும் ஒரு மூக்கும் மட்டும் நடந்து வந்தால் அது என் வீட்டுக்காரர்.

போன வருஷம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. குல்லாயை ஸ்வெட்டரோடு சேர்த்தே பின்னிவிட்டால்? பின்னங்கழுத்திலிருந்து முளைத்த தலைமூடி. இந்தக் காலத்துப் பையன்கள் போடுகிற ஹூடிதான், ஆனால் கையால் பின்னியது. ஸ்வெட்டரைத் தொலைத்தால்தான் அதைத் தொலைக்க முடியும். மேல்சட்டையைத் தொலைத்துவிட்டு வீட்டுக்கு வரும் அளவுக்கு இவர் இன்னும் போகவில்லை.

எனக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்தது கல்யாணமாகி வந்த புதிதில் ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸில் இருந்த எதிர்வீட்டு பஞ்சாபி மாமி. வெயில் காய மொட்டைமாடியில் உட்காருவோம். அவர் இரண்டு ஊசிகளை என் கையில் திணித்து, "ஏக் ஸீதா, ஏக் உல்டா" என்றார். எனக்கு அப்போது இந்தி அவ்வளவுதான். ஸீதாவைத் தெரியும், ஜனகர் மகள். உல்டா யார், ஊர்மிளைக்கு உறவா என்று ஒரு வாரம் குழம்பினேன். ஸீதா என்றால் நேர்க் கண்ணி, உல்டா என்றால் மறுபக்கக் கண்ணி என்று புரிந்தபோது முதல் மஃப்ளரில் பத்து அங்குலம் முடிந்திருந்தது. அதைப் பின்னால் 522-ஆம் நம்பர் பஸ் எடுத்துக்கொண்டது.

ஆனால் மஃப்ளர் நீளக் கோடு. ஸ்வெட்டர் உருளை. ஹூட் வைத்த ஸ்வெட்டர் என்பது கட்டடம். கிராஃப் பேப்பர் வாங்கிவந்து சாப்பாட்டு மேஜையில் விரித்தேன். முதலில் தலையை அளக்க வேண்டும். இவர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தார். டேப்பைச் சுற்றினேன். 58 சென்டிமீட்டர்.

"அதிகமா, கம்மியா?"

"சராசரிதாங்க."

முகம் வாடிவிட்டது. கணக்குப் பிரிவில் இருந்த மூளைக்கு அறுபதாவது வரும் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

ஹூட் என்பது பார்க்கச் சுலபம். கழுத்தைச் சுற்றிக் கண்ணிகளை எடுத்து, நேராக மேலே ஒரு பட்டையைப் பின்னி, இரண்டாக மடித்து உச்சியைத் தைத்துவிட்டால் முடிந்தது. அப்படிச் செய்தால் உச்சியில் ஒரு கூம்பு நிற்கும். மூன்று வயதுக் குழந்தைக்கு அது அழகு. ரிட்டயரானவருக்கு அது கோபுரக் கலசம். கூம்பு போக வேண்டுமென்றால், கடைசி ஏழெட்டு சென்டிமீட்டரில் நடுமுதுகுக் கோட்டின் இரு பக்கமும் கண்ணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பின்மண்டை போல வளைக்க வேண்டும். இங்கேதான் மார்கழிக் கோலம் கைகொடுத்தது. நடுப்புள்ளியிலிருந்து இரு பக்கமும் சமமாகக் குறைத்துக்கொண்டே போவதை எந்த எஞ்சினீயரிங் காலேஜும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

அடுத்தது நூல். பின்னுகிறவர்கள் இரண்டு ஜாதி. வடிவத்தை முடிவு செய்துவிட்டு நூல் தேடுகிறவர்கள் ஒன்று. நூலைப் பார்த்து மயங்கிவிட்டு, அதற்கேற்ற வடிவத்தைக் கற்பிப்பவர்கள் இன்னொன்று. நான் எப்போதும் முதல் ஜாதியாகக் கடைக்குள் போய் இரண்டாவதாக வெளியே வருவேன்.

செய்தி பரவியதும் திருப்பூரிலிருந்து என் தம்பி போன் செய்தான். "அக்கா, நம்மூரு நூல் இருக்கையில எதுக்குக்கா கம்பளி? காட்டன்லயே போடுக்கா." திருப்பூர்க்காரனிடம் பருத்தியைக் குறை சொல்வது திருநெல்வேலிக்காரனிடம் அல்வாவைக் குறை சொல்வது மாதிரி. ஆனாலும் சொல்ல வேண்டியிருந்தது. மெஷினில் பொடிக் கண்ணியாக ஓடும் பனியன் துணி வேறு, கையால் பின்னும் தடித்த பருத்தி நூல் வேறு. பருத்திக்குக் கனம் அதிகம், இழுத்தால் திரும்பிச் சுருங்கும் குணம் இல்லை. பின்னால் தொங்கும் ஹூட் கழுத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பொங்கலுக்குப் போட ஆரம்பித்தால் சிவராத்திரிக்கு அது இடுப்புப் பையாகியிருக்கும்.

பஷ்மினா? 12 முதல் 16 மைக்ரான் கனமுள்ள இழை. நம் தலைமுடியின் கனத்தில் கால்பங்குகூட வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். விலையைக் கேட்டேன். கடைக்காரர் சொன்னார். நான் உடனே அக்ரிலிக் பக்கம் திரும்பினேன்.

அக்ரிலிக்கை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். எத்தனையோ சம்பளத் தேதிகளைத் தாண்டி என் குழந்தைகளுக்குக் குளிர் தாங்கியது அதுதான். மெஷினில் துவைக்கலாம், பூச்சி அரிக்காது. ஆனால் ஒருமுறை சூடாக இஸ்திரி போட்டால் துவண்டு, வதங்கிய கீரையாகிவிடும். தவிர, ஹூட்டைக் கழற்றும்போதெல்லாம் தலைமுடி படபடவென்று எழுந்து நிற்கும். இவருக்கு எழுந்து நிற்க அவ்வளவாக முடி இல்லை என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் கம்பளிதான் என்று தீர்மானமாயிற்று. தன் எடையில் முப்பது சதவீதம்வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும், தொட்டால் நனைந்ததாகக் காட்டிக்கொள்ளாத இழை அது. டெல்லிப் பனிமூட்டத்துக்கு இப்படிப்பட்ட அழுத்தக்காரன்தான் வேண்டும். ஒரே சிக்கல், கடைவீதியில் எல்லா நூலும் "ப்யூர் வுல் ஜி" என்பார்கள். ஆகவே ஒரு சாம்பிள் இழையை வாங்கிவந்து அடுப்பில் காட்டினேன். அக்ரிலிக்கானால் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். கம்பளியானால் மயிர் பொசுங்கும் நாற்றம் வரும், விரலால் தேய்த்தால் சாம்பல் பொடியாகும். நாற்றம் வந்தது. கூடவே இவரும் ஒரு சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்தார், என் பின்னல் பற்றிக்கொண்டது என்று. பாதித் தண்ணீர் என் மேலும் மீதி சாம்பார் மேலும் விழுந்தது. நூல் சுத்தக் கம்பளி என்பது மட்டும் உறுதியாயிற்று.

கருநீலத்தில் 50 கிராம் உருண்டைகள் பன்னிரண்டு வாங்கினேன். கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன். உடம்புக்கு இவ்வளவு, கைகளுக்கு இவ்வளவு என்று. அந்தக் கணக்கில் என்ன விட்டுப்போயிற்று என்பது பிறகு.

இனி நான் செய்த பெரிய தப்பைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலிருந்து அண்ணன் மகள் ஒரு பேட்டர்ன் அனுப்பியிருந்தாள். வடிவம் என்னுடையது, கண்ணிக் கணக்கை மட்டும் அதிலிருந்து கொஞ்சம் பார்த்துக்கொண்டேன். எட்டாம் நம்பர் ஊசி, பத்து சென்டிமீட்டருக்கு 18 கண்ணி என்றது. மார்பு 98, தளர்ச்சிக்குப் பத்து, ஆக 108 சென்டிமீட்டர். 194 கண்ணிகள் போட்டேன். என்னிடம்தான் எட்டாம் நம்பர் ஊசி இருக்கிறதே, குவார்ட்டர்ஸ் காலத்திலிருந்து!

அமெரிக்காவின் எட்டு 5 மில்லிமீட்டர். நம்மூர் எட்டு, பழைய பிரிட்டிஷ் கணக்கு, 4 மில்லிமீட்டர். அவர்களுக்கு நம்பர் ஏற ஏற ஊசி தடிக்கும், நமக்கு நம்பர் ஏற ஏற மெலியும். வெள்ளைக்காரன் போய் இத்தனை வருஷமாகியும் அவன் ஊசி என் அலமாரியிலேயே உட்கார்ந்துகொண்டு இப்படிக் குத்தும் என்று நான் நினைக்கவில்லை.

ஒரு சாண் சதுரத்தில் மாதிரி பின்னி அளந்து பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். எல்லாப் பின்னல் புத்தகமும் தலைப்பாடாக அடித்துக்கொள்வது அதைத்தான். முதல் தோசை வார்த்துப் பார்க்காமல் விருந்தாளிக்கு இலை போடுவேனா? மாட்டேன். ஆனால் பின்னலில் மட்டும் எனக்கு அந்தப் பொறுமை வராது. மூன்று வாரம் பின்னி அக்குள்வரை வந்தபின் இவர் மேல் வைத்துப் பார்த்தேன். பத்து சென்டிமீட்டருக்கு 22 கண்ணி விழுந்திருந்தது. 108 வர வேண்டிய இடத்தில் 88.

இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டேப்பை வாங்கி மறுபடி அளந்தார். "இருபது சென்டிமீட்டர் ஷார்ட்டேஜ்" என்றார். ஆடிட் பார்ட்டியின் அதே குரல்.

பிரித்தேன். பிரித்த நூல் சேமியா மாதிரி நெளிநெளியாக வந்தது. அதை அப்படியே பின்னினால் கண்ணிகள் கோணும். லச்சியாகச் சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். சுற்றுவதற்கு ஸ்டாண்ட் எதற்கு, இவர் இருக்கிறாரே. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு டி.வி. முன் உட்கார்ந்தார். அன்றைக்கென்று பட்ஜெட். நிதியமைச்சர் முடிக்கும்வரை இவரால் காதைச் சொறியக்கூட முடியவில்லை.

இரண்டாவது தடவை எலிசபெத் சிம்மர்மனைச் சரணடைந்தேன். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அந்த அம்மாள் பின்னல்காரிகளின் குலதெய்வம். 1971-ல் வந்த அவர் புத்தகத்தின் பெயரே கண்ணீர் விடாமல் பின்னுவது பற்றித்தான். மார்புச் சுற்றின் கண்ணிகளை நூறு என்று வைத்துக்கொள், மணிக்கட்டுக்கு இருபது, மேற்கைக்கு முப்பத்துமூன்று, கழுத்துக்கு நாற்பது என்பது அவர் கணக்கு. எனக்கு 240, 48, 80, 96 என்று அடுக்காக வந்தது. கழுத்திலிருந்து ஹூட்டுக்கு 96 போதாது, நெற்றியின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை 48 சென்டிமீட்டராவது வேண்டும். பின்கழுத்தில் பத்துக் கண்ணிகளைச் சேர்த்து 106 ஆக்கினேன். பின்கழுத்தின் உட்பக்கம் ஒரு நாடாவையும் வைத்துத் தைத்தேன், ஹூட்டின் பாரம் இழுக்காமல் இருக்க.

எல்லாம் சரி. ஹூட் பாதியில் இருக்கும்போது நூல் தீர்ந்துவிட்டது. ஹூட்டுக்காகத்தானே இந்த ஸ்வெட்டரே? அந்த ஹூட்டுக்கும் வயிற்றுப் பைக்கும்தான் நான் நூல் கணக்குப் போடவில்லை. மறுபடி கடைக்கு ஓடினேன். அதே கம்பெனி, அதே நிற எண், ஆனால் வேறு சாயத் தொகுப்பு. கடை வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்தது. பின்னி முடித்து வெயிலில் பார்த்தால் ஹூட்டின் மேல்பாதி ஒரு பொட்டு வெளிறியிருந்தது. "டூ டோன், இப்போ இதுதான் ஃபேஷன்" என்றேன். இவர் நம்பினார். வயிற்றுப் பையையும் வெளிறிய நூலிலேயே போட்டுவிட்டதால் சாட்சியும் இருந்தது.

உச்சியைத் தையல் தெரியாமல் மூட ஒரு முறை உண்டு, பெயர் கிச்சனர் தையல். ரொம்ப நாள் அதைச் சமையலறைச் சமாசாரம் என்றே நினைத்திருந்தேன். 1902 முதல் 1909 வரை இந்தியப் படைக்குத் தளபதியாக இருந்த அதே கிச்சனர் பிரபு பெயரில் வழங்குவதாம், முதல் உலகப்போர் சிப்பாய்களின் காலுறையில் விரல் உறுத்தாமல் இருக்க. பெரிய மீசைக்காரர். அவர் ஊசியும் கையுமாக உட்கார்ந்திருப்பதை நினைத்துக்கொண்டே பின்னியதில் இரண்டு கண்ணி தவறியது. அது வெளியே தெரியாது, நான் சொன்னால்தான் உண்டு.

ஜனவரி கடைசியில் இவர் அதைப் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போனார். நான் பால்கனியில் நின்று பார்த்தேன். கருநீல ஸ்வெட்டர், கச்சிதமான தோள், இரண்டு கையும் வயிற்றுப் பைக்குள். தலையில் மூக்குப்பொடி நிற மங்கி குல்லாய்.

சரி, ஹூட் எங்கே? பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போதும் கைகள் பைக்குள்ளேயே இருந்தன, பாலைக் காணோம். பூத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டார் என்றே நினைத்தேன். கதவைத் திறந்ததும் அவர் முதுகைக் காட்டி நின்றார்.

ஹூட்டுக்குள் அரை லிட்டர் பாக்கெட் ஒன்று, மேலே ஒரு கட்டுக் கொத்தமல்லி. பின்கழுத்து ஒரு நூல்கூட இறங்கவில்லை.

"கைக்குக் குளிரே இல்லைம்மா" என்றார். "அடுத்ததுல ஒரு லிட்டர் பிடிக்கிற மாதிரி போட முடியுமா?"