பார்க்கக் காசா சார்?

எண்பதுகளில் தி.நகர் ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முன்பு நடந்திருப்பவர்களுக்கு அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கும்: "உள்ள வந்து பாருங்க சார், பார்க்கக் காசா?" கடை வாசலில் நின்று கை தட்டிக் கூப்பிடுகிற அந்தப் பையன்களைத் திரும்பியும் பாராமல், ஏதோ கோட்டையைப் பிடிக்கப் போகிறவன் போல நிமிர்ந்து நடப்பதை ஒரு பெரிய வீரமாக அப்போது நான் நினைத்திருந்தேன், பையில் இருந்ததோ அப்பா எண்ணிக் கொடுத்த பணம்.

தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சியும் லேசுப்பட்டவரில்லை. ஒரு சோப்பைக் கேட்டால் இன்னொன்றை எடுத்து வைத்து, "இப்ப எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க தம்பி" என்பார். டஜனுக்கு ஒன்று இலவசம் என்று கம்பெனிக்காரர் வந்துபோயிருக்கிறார் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருக்கும். "கேட்டதைக் குடுங்க அண்ணாச்சி" என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், சிரித்துக்கொண்டே பழைய சோப்பு வரும், கூடவே எனக்கு ஒரு துண்டு வெல்லமும் வரும்.

பிறகு 2007இல் ஃபிளிப்கார்ட் புத்தகம் விற்க வந்தது, 2013இல் அமேசான் இந்தியாவுக்குள் வந்தது. இனி கூவி அழைப்பவரும் கிடையாது, தலையில் கட்டுபவரும் கிடையாது, நல்ல பொருள் தானாக மேலே வரும் என்று கல்யாண வீட்டுப் பந்தியில்கூட நான் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். சாம்பார் ஊற்ற வந்தவர் என் வாய் மூடுவதற்காகக் காத்து நின்றது நினைவிருக்கிறது.

இப்போது ஒரு செயலியில் இரும்பு தோசைக்கல் என்று தேடினால், முதலில் வந்து உட்காருவது ஒட்டாத பூச்சு பூசிய கல், அடுத்தது பணியாரச் சட்டி, அதற்கடுத்து ஏனோ ஒரு மிக்ஸி. ஓரத்தில், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் மட்டும் தெரிகிற சாம்பல் எழுத்தில், 'ஸ்பான்சர்டு'. 'தோசைக்கல்' என்ற சொல்லையே ஏலம் விடுகிறார்கள். கேட்ட தொகையோடு, நாம் தட்டிப் பார்ப்போமா என்ற கணிப்பையும் சேர்த்து இடம் ஒதுக்குகிறார்கள். நாம் ஒருமுறை தட்டினால், வாங்காவிட்டாலும், விற்பவர் கணக்கிலிருந்து பணம் போகிறது. பார்க்கவும் காசுதான், அந்தக் காசு விலைக்குள் ஏறி நம்மிடமே திரும்பி வருகிறது என்பது வேறு கதை.

விளம்பரத்தில் பிழைக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று 1998இல் ஒரு கட்டுரையில் எச்சரித்தவர்கள் செர்கே பிரினும் லாரி பேஜும். 2000இல் அவர்களுடைய கூகுளே விளம்பரக் கடையைத் திறந்தது. என் பந்திப் பிரசங்கத்துக்கு நல்ல துணை! 2024இல் அமேசானுக்கு விளம்பரத்தில் மட்டும் வந்தது சுமார் 5,600 கோடி டாலர். அண்ணாச்சி டஜனுக்கு ஒரு சோப்போடு திருப்திப்பட்டவர்.

வரிசையை எதை வைத்துத் தீர்மானிக்கிறோம் என்று இணையச் சந்தைகள் எளிய மொழியில் விளக்க வேண்டும் என 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்த விளக்கம் எந்தப் பக்கத்தின் எந்த மூலையில் இருக்கிறது என்று கண்டுபிடித்த வாசகர் யாராவது இருந்தால், எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.