எலி காக்கும் இயல்

கம்பம் பள்ளத்தாக்கில் எலிக்கு நல்ல பெயர் கிடையாது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளையும் வயலில், முற்றிய கதிரை வரப்பெலி அறுத்து வளைக்குள் இழுத்துப் போவதைப் பார்த்த விவசாயி அதற்காகப் பரிந்து பேச மாட்டார். தென்னந்தோப்புக்காரர் மரத்தில் தகரம் சுற்றுகிறார். போடியில் ஏலக்காய் மூட்டை அடுக்கியவர் கிடங்கு மூலைகளில் பொறி வைக்கிறார். இவர்கள் கோபம் நியாயமானது. அந்தக் கோபம் விழக் கூடாத இடத்தில் விழுகிறதே என்பதுதான் என் கவலை. பெட் ஷாப்பில் வாங்கி, குழந்தைகளுக்கு அலுத்ததும் வாய்க்கால் கரையில் கொண்டுபோய் விடப்படும் வெள்ளை எலியைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் இனம் பிரித்துக்கொள்ள வேண்டும். வயலில் வளை தோண்டுவது வரப்பெலி. சாக்கடையோரம் திரியும் பெருச்சாளி அதற்குப் பெரிய பங்காளி. ஓட்டுக்கூரையிலும் தென்னையிலும் ஏறுவது வீட்டெலி. அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளிவது சுண்டெலி. மூஞ்சூறு எலியே இல்லை. பூச்சி தின்னும் வேறு வகை. கரட்டுக்காட்டில் தாவி ஓடும் வெள்ளெலி இன்னொன்று. கூண்டில் விற்கும் வெள்ளை எலி இவற்றில் எதுவும் இல்லை. ராட்டஸ் நார்வெஜிகஸ் என்னும் பழுப்பெலியின் வளர்ப்பு வடிவம் அது. பூர்வீகம் வட சீனா, மங்கோலியா பக்கம். நம் வீட்டெலியோடு சேர்ந்து அது இனம் பெருக்காது. இந்தப் பள்ளத்தாக்கில் அதற்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை.

பார்த்ததும் பெயர் சூட்டிவிடுவது எவ்வளவு பெரிய தவறு என்பதற்குத் தேனி மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. 1948-இல் மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் சேகரித்த பழந்தின்னி வௌவால் ஒன்று, எங்கும் காணப்படும் சாதாரண வகை என்ற சீட்டோடு அருங்காட்சியகத்தில் கிடந்தது. 1972-இல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா அதை எடுத்து ஆராய்ந்து, அது இனமாக மட்டுமின்றிப் பேரினமாகவே புதியது என்று கண்டார். இன்று அது சாலிம் அலி பழந்தின்னி வௌவால். உலகின் அரிய வௌவால்களில் ஒன்று. வெள்ளை எலி அரியதல்ல. ஆனால் அதையும் யாராவது சரியாக ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கிறது.

மனிதனோடு அது வாழ வந்து நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாகிறது. விக்டோரியா ராணி காலத்து லண்டனில் ஜாக் பிளாக் என்றொரு எலி பிடிப்பவர் இருந்தார். ஹென்றி மேஹ்யூ லண்டன் ஏழைகளைப் பற்றி எழுதிய பெருநூலில் அவர் வருகிறார். பிடித்த எலிகளில் நிறம் மாறியவற்றைக் கொல்லாமல் பெருக்கி, வளர்ப்பதற்கென்று விற்றவர் அவர். 1901-இல் மேரி டக்ளஸ் என்ற பெண்மணி எலியை அழகுப் போட்டிக்கே கொண்டுபோனார். 1906-இல் பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனம் வெள்ளை எலியை ஆய்வகத்துக்கென வளர்க்கத் தொடங்கியது. இன்று நாம் விழுங்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவற்றை நமக்கு முன் விழுங்கிப் பார்த்த கடன் இந்த இனத்துக்கு நாம் பட்டது.

நம் இலக்கியமும் எலியைக் கவனிக்காமல் விடவில்லை, ஆனால் புகழ்ந்தது குறைவு. சோழன் நல்லுருத்திரன் புறநானூற்று 190-ஆம் பாடலில், கதிரைக் கொண்டுபோய் வளையில் நிரப்பும் எலியைப் போன்றவர்களின் நட்பு வேண்டாம் என்கிறான். வள்ளுவர் 763-ஆம் குறளில் எலிப்படை முழுவதையும் நாகத்தின் ஒரே மூச்சில் அழித்துவிடுகிறார். நியாயம் கிடைத்தது திருமறைக்காட்டில்தான். கோயில் விளக்கின் நெய்யைக் குடிக்க வந்த எலி, சுடர் மூக்கைச் சுட, திரியைத் தூண்டிவிட்டது. அணைய இருந்த விளக்கு நின்றெரிந்தது. சிவன் அந்த எலியை அடுத்த பிறவியில் மாவலிச் சக்கரவர்த்தியாக்கினார் என்பது தலவரலாறு. அப்பர் இதைத் தேவாரத்தில் போற்றுகிறார். பசிக்கு வந்த பிராணியை அதன் பசியை வைத்துக் குற்றவாளியாக்காத அந்தக் கதைதான் எலி காப்போர் முன்னால் வைக்க வேண்டிய கதை என்பேன்.

சட்டம் நெடுங்காலம் எதிர்ப்பக்கம் நின்றது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை, காகத்தோடும் பழந்தின்னி வௌவாலோடும் எலியையும் தீங்குயிர் என்று வைத்திருந்தது. 2022-இல் வந்த திருத்தம் அந்த அட்டவணையை எடுத்துவிட்டது. அதைவிட முக்கியம் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். அதன்படி மனிதனைத் தவிர எல்லா உயிரும் விலங்கு. வளர்க்கும் விலங்கைப் பட்டினியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிட்டால், 11-ஆம் பிரிவின்படி குற்றம். வாய்க்கால் கரையில் விடப்படும் வெள்ளை எலிக்கும் இது பொருந்தும். விடுகிறவர் அதை விடுதலை என்று நினைக்கிறார். வளை தோண்டிப் பழகாத, பச்சை வயலில் வெள்ளையாகத் தெரியும், கண்பார்வை மங்கிய பிராணி அது. ஆந்தை, நாய், சாரை, கீரி என்று யாராவது ஒருவர் அன்று இரவே கணக்கை முடித்துவிடுவார்.

இனி வளர்ப்புக்கு வருவோம். இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றே: எலியைத் தனியாக வளர்க்கக் கூடாது. 2011-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பெக்கி மேசன் குழுவினர் ஓர் எலியைச் சிறு குழாய்க்குள் அடைத்து, அதன் கூட்டாளியை வெளியே விட்டார்கள். வெளியே நின்றவற்றில் பெரும்பாலானவை சில நாட்களில் கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டன. பக்கத்தில் சாக்லேட் அடைத்த குழாயும் இருந்தபோது இரண்டையும் திறந்து, சாக்லேட்டில் பங்கும் வைத்தன. அதற்கு முன்பே ஆய்வாளர் யாக் பாங்க்செப், எலிகளைக் கிச்சுக்கிச்சு மூட்டினால் நம் காதுக்கு எட்டாத 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் அவை ஒலியெழுப்புவதையும், மூட்டிய கையையே மறுபடி தேடி வருவதையும் காட்டினார். இப்படிப்பட்ட பிராணியை ஒற்றையாகக் கூண்டில் வைத்துவிட்டு, நான்தான் வேளாவேளைக்குத் தீனி போடுகிறேனே என்று சொல்வது போதாது. நாம் தூங்கும் நேரம்தான் அது விழித்திருக்கும் நேரம்.

துணை வேண்டும் என்றவுடன் கடையில் ஜோடி கேட்டால் அடுத்த விபத்து தொடங்குகிறது. சினைக்காலம் 21 முதல் 23 நாள். ஈற்றுக்குச் சாதாரணமாக எட்டிலிருந்து பன்னிரண்டு குட்டிகள். ஈன்ற ஒரு நாளுக்குள் தாய் மறுபடி சினைப்படும். குட்டிகள் ஐந்து வாரத்திலேயே பருவமடையத் தொடங்கும். அண்ணன் தங்கை பேதம் அவற்றுக்குக் கிடையாது. சித்திரையில் வாங்கிய ஜோடி ஆடியில் ஐம்பதைத் தாண்டுவதில் வியப்பில்லை. கைவிடப்படும் எலிகளில் பெரும்பகுதி இந்தக் கணக்கில் பிறந்தவைதான். ஆகவே இரண்டு பெண், அல்லது இரண்டு ஆண். மீட்கும் வேலையிலும் முதல் நாள் செய்ய வேண்டியது தீனி போடுவதல்ல, ஆண் பெண் பிரிப்பது.

வளர்ந்த ஆணைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை. விதைப்பை வாலடியில் பெரிதாகத் தெரியும். குட்டிகளில்தான் கண் வேண்டும். பிறந்து பத்து நாள் ஆன குட்டியை உள்ளங்கையில் மல்லாத்திப் பிடித்து, சன்னல் வெளிச்சத்தில் வயிற்றைப் பாருங்கள். முடி அடர்ந்து மூடுவதற்கு முன், பெண் குட்டிக்கு இரு பக்கமும் வரிசையாகச் சிறு புள்ளிகள் தெரியும். அவை முலைக்காம்புகள். ஆண் எலிக்கு முலைக்காம்பே இல்லாததால் வயிறு வெறுமையாக இருக்கும். முடி மூடிவிட்டால், மலத்துளைக்கும் முன்னுள்ள குறிக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பார்க்க வேண்டும். ஆணுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், இரண்டு குட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிசகாது. நாலரை வாரம் ஆனதும் ஆண் குட்டிகளைத் தாயிடமிருந்தும் சகோதரிகளிடமிருந்தும் எடுத்துவிட வேண்டும். எந்த எலியையும் வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. வால்தோல் உறை கழல்வது மாதிரி கழன்று வந்துவிடும், திரும்ப வளராது.

புதிய எலியைப் பழைய எலியின் கூண்டில் நேராகப் போடுவதும் தவறு. இரண்டு மூன்று வாரம் தனியறையில் வைத்து நோய் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பிறகு இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில் சந்திக்க விட வேண்டும். காய்ந்து கிடக்கும் சிமெண்ட் தொட்டி போதும். மோந்து பார்க்கும், ஒன்றை ஒன்று மல்லாத்தும், கீச்சிடும், அதெல்லாம் பேச்சுவார்த்தை. உடம்பெல்லாம் முடி சிலிர்த்து, முதுகை வளைத்து, பக்கவாட்டில் நெருங்கினால் நடுவே ஒரு துண்டைப் போட்டுப் பிரித்துவிட்டு மறுநாள் தொடர வேண்டும்.

மேல்நாட்டுக் குறிப்புகள் பெரும்பாலும் குளிரிலிருந்து காப்பதைச் சொல்கின்றன. தேனிச் சித்திரை வெயிலுக்கு அவை உதவா. எலிக்கு நம்மைப் போல வியர்க்காது. உடம்புச் சூட்டை வெளியேற்றுவதில் வாலுக்குப் பெரும் பங்கு. அறை வெப்பம் முப்பதைத் தாண்டினாலே அது கைகால் பரப்பிப் படுத்துவிடும். தகரக்கூரை வீடு, மாடி அறை, கார் மூன்றும் அதற்கு எமன். தரைத்தளத்தில், கூண்டுக்குள் கிரானைட் துண்டு ஒன்றும், ஈரத்துணி சுற்றிக் கவிழ்த்த மண்சட்டி ஒன்றும் வைத்தால் அதுவே போய் ஒட்டிப் படுத்துக்கொள்ளும். ஆடிக்காற்று வேறு வகைத் துன்பம்: தூசி. எலியின் நுரையீரல் எளிதில் கெடும். அதனால்தான் படுக்கைக்கு உமியும் மரத்தூளும் வேண்டாம் என்கிறேன். நூற்பாலைகள் நிறைந்த மாவட்டமாயிற்றே என்று கழிவுப்பஞ்சும் போடக் கூடாது. நூல் காலில் சுற்றி இறுகிவிடும். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துப் போடுவதே உத்தமம்.

தீனியில் கம்பு, கேழ்வரகு, சோளம், முருங்கைக்கீரை, வாரம் ஓரிரு முறை வேகவைத்த முட்டை என்று நம் வீட்டுப் பண்டமே போதும். எலியால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் தொண்டையில் ஒட்டும் எதுவும் ஆபத்து. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையில் உள்ள அஃப்ளடாக்சின் அதன் ஈரலை அழிக்கும். நாய்க்கு ஆகாத திராட்சை எலிக்கு ஆகும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையை ஒன்றிரண்டு கொடுக்கலாம். தோட்டத்தில் மருந்தடிப்பார்கள் என்பதால் நன்றாகக் கழுவிக் கொடுக்க வேண்டும்.

நோயில் முதலில் பயமுறுத்துவது கண்ணைச் சுற்றி வரும் சிவப்பு. அது ரத்தம் இல்லை, போர்ஃபைரின் என்னும் நிறமி. மனக்கலக்கத்திலோ நோயிலோ மிகுதியாகச் சுரக்கும். மூச்சைக் கவனிக்க எலியின் பக்கவாட்டை உங்கள் காதில் வைத்துப் பாருங்கள். நலமாயிருந்தால் ஒன்றும் கேட்காது, கரகரவென்றால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். 2020 முதல் வீரபாண்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனாலும் மாடும் ஆடும் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் முந்நூறு கிராம் எலியைக் கொண்டுபோகும்போது நாம் தயாராகப் போக வேண்டும். நகை தராசில் வாராவாரம் எடை போட்டு ஒரு நோட்டில் எழுதிவருவது நல்லது. மருந்தளவு எடையைப் பொறுத்தது. எடை குறைவதுதான் பல நோய்க்கு முதல் அடையாளம். வளர்ப்பவரும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வெளி எலி கூண்டருகே வராமல் பார்க்க வேண்டும். எலிக்காய்ச்சல் வெளி எலியின் சிறுநீர் வழியாகவும் பரவும்.

வீட்டுக்குள் தப்பிய எலியைத் தேடப் பசை அட்டை வைக்கவே கூடாது. இந்திய விலங்குகள் நல வாரியமே அதைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. ஒட்டிக்கொண்ட எலி கண்ணில் பட்டால் பிய்க்காமல், தேங்காய் எண்ணெயைச் சிறிது சிறிதாகத் தடவி இளக்க வேண்டும். தேடுவதற்கு வயல்காட்டு முறையே சிறந்தது. எல்லாப் பொந்தையும் மாலையில் ஈரமண்ணால் லேசாக அடைத்துவிட்டு, காலையில் எது திறந்திருக்கிறது என்று பார்த்தால் எலி இருக்கும் பொந்து தெரிந்துவிடும். அதன் வாசலில் அதன் துணையைக் கூண்டோடு வைத்தால் தானே வெளியே வரும்.

எலிக்கு ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுதான். முதுமையில் பின்னங்கால் தளரும்; கூண்டின் மேல்தட்டுகளை எடுத்துவிட்டுக் கூழாகத் தீனி வைக்க வேண்டும். ஒன்று இறந்தால் உடனே உடலை எடுத்துவிடாமல், மற்றது வந்து மோந்து பார்க்கச் சற்று நேரம் விட வேண்டும். இல்லாவிட்டால் அது பல நாள் தேடும். பிறகு துணைக்கு ஒரு குட்டியாகக் கொண்டுவராமல் இரண்டாகக் கொண்டுவருவது நல்லது. ஓடி விளையாட அவை ஒன்றுக்கொன்று ஆகும், கிழம் நிம்மதியாகப் படுத்திருக்கும். இனி வளர்க்க இயலாது என்பவர்கள் கடைசியாக மிஞ்சும் ஒன்றை, வேறொருவர் வளர்க்கும் கூட்டத்தில் சேர்த்துவிடலாம். கொடுக்கும்போது எடை நோட்டையும், துவைக்காத படுக்கைத் துணியில் ஒரு துண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.